ஐஆர்சி அரட்டைக்கு முதல் தடவை போகிறேன், சிக்னல் ஒரு கோடுதான். எங்கே தொடங்குவது?

கொழுந்துக்கூடை:

எல்லாருக்கும் வணக்கம். மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன். மாமா வேலை செய்யும் இடத்தில் கழித்துவிட்ட பழைய டெல் லேப்டொப் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். 2 ஜிபி ரேம். விண்டோஸ் தவழ்ந்தது, அதனால் டவுனில் ஒரு கடையில் கொடுத்து லுபுண்டு (பழைய மெஷினுக்கான இலேசான உபுண்டு லினக்ஸ்) போட்டேன். மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறது. வைஃபை மட்டும் கிடையவே கிடையாது.

கடையில் கேட்டால் வைஃபை கார்ட் செத்துவிட்டது, புதிது போட வேண்டும் என்று ஒரு விலை சொல்கிறார்கள். அம்மா ஒரு கிழமை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனால்தான் அந்தக் காசு வரும். தேடிப் பார்த்ததில் ஐஆர்சியில் உபுண்டு அறைக்குப் போய்க் கேட்கச் சொல்லி ஓர் இடத்தில் இருந்தது. அது செயலியா, இணையத்தளமா, நம்பர் கொடுக்க வேண்டுமா, ஒன்றும் புரியவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குள் சிக்னல் இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு கோடு, சில நேரம் இரண்டு. அதை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா?

அட்டன்_அண்ணன்:

முடியும் தங்கச்சி. ஒரு கோடு சிக்னலுக்கென்றே செய்த மாதிரி ஒன்று இருந்தால் அது ஐஆர்சிதான்.

முதலில் அந்த கார்டைப் பற்றி. செத்துவிட்டது என்று அதற்குள் நம்பாதீர்கள். பழைய டெல் மெஷின்களில் பிரோட்கொம் சிப் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றுக்கான டிரைவர் லினக்ஸோடு சேர்ந்து வராது, தனியாகப் போட வேண்டும். காசு எதுவும் கொடுக்குமுன் கேட்டுப் பாருங்கள். அதுவரைக்கும் போனை யூஎஸ்பி வயரில் லேப்டொப்பில் செருகி, போன் செட்டிங்கில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். வைஃபை இல்லாமலே நெட் வரும்.

இனி ஐஆர்சி. பின்லாந்தில் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினன் என்பவர் 1988 ஓகஸ்ட்டில் எழுதியது. அந்தக் காலத்து நெட்டில் ஓடச் செய்தது, அறைப் பேச்சில் எழுத்தைத் தவிர வேறொன்றும் போகாது. படம் இல்லை, குரல் இல்லை, ஸ்டிக்கர் இல்லை. ஒரு வரி அதிகம் போனால் 512 பைட். நூறு வரி முழு நீளத்தில் வந்தாலும் 50 கேபி சொச்சம்தான். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு கல்யாணப் படம் இதைவிடக் கனமாக இருக்கும்.

இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். நெட்வேர்க் என்பது ஒரு டவுன். உபுண்டுக்காரர்கள் இருக்கும் டவுனுக்குப் பெயர் லிபேரா சாட். டவுனுக்குள் ஆயிரக்கணக்கான அறைகள், அறையின் பெயருக்கு முன்னால் # அடையாளம் இருக்கும். நீங்கள் ஒரு பட்டப்பெயரோடு உள்ளே போகிறீர்கள். போன் நம்பர் கேட்க மாட்டார்கள். பழைய வழிகாட்டிகளில் ஃப்ரீநோட் என்ற வேறு டவுனைச் சொல்லியிருந்தால் அதை விடுங்கள். 2021 மே மாதம் அங்கே நடத்தியவர்கள் வெளியேறித் தொடங்கியதுதான் லிபேரா.

நான் போனில் தமிழ் கீபோர்டில் அடிக்கிறேன், அதனால் கட்டளைகளையும் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். முதல் தடவைக்கு எதையும் இறக்க வேண்டாம். பிரவுசரில் வெப் டொட் லிபேரா டொட் சாட் என்று போங்கள். பட்டப்பெயர் கேட்கும். ஆங்கில எழுத்தில் 16 எழுத்துக்குள் ஒன்று, எண்ணில் தொடங்கக் கூடாது. அப்புறம் /ஜொயின் #உபுண்டு. அவ்வளவுதான், உள்ளே போய்விட்டீர்கள். பழகிய பிறகு லேப்டொப்பில் ஹெக்ஸ்சாட் என்ற ஐஆர்சி செயலியைப் போடலாம். 2024-க்குப் பிறகு அதற்குப் புது வெளியீடு இல்லை, ஆனாலும் வேலை செய்கிறது. டெர்மினல் என்ற கறுப்புக் கட்டளைத் திரைக்குப் பயமில்லை என்றால் வீசாட் அல்லது ஐஆர்எஸ்எஸ்ஐ. இரண்டும் 2 ஜிபி மெஷினில் இருக்கிற இடமே தெரியாது. போர்ட் கேட்டால் 6697 கொடுங்கள், அதுதான் மறையாக்கம் உள்ள வழி.

கொழுந்துக்கூடை:

மிக்க நன்றி அண்ணே. யூஎஸ்பி டெதரிங் வேலை செய்தது! இவ்வளவு நாள் தெரியாமல் போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

இன்று நாலு மணிக்கு மடுவத்தடியில் நின்று அறைக்குள் போனேன். வலது பக்கம் நூற்றுக்கணக்கான பெயர்கள். ஹலோ என்று போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது உதவி செய்ய முடியுமா என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. பத்து நிமிடம் நின்றேன், மழை தூறியது, லேப்டொப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். நான் ஏதாவது தவறு செய்தேனா?

பண்டாரவளை_பனி:

தவறு ஒன்றும் இல்லை தங்கச்சி, எல்லாருக்கும் முதல் நாள் இப்படித்தான். நான் இப்போது கொழும்பில் சொஃப்ட்வெயர் வேலையில் இருக்கிறேன், முக்கால்வாசி லினக்ஸ் இந்த அறைகளில்தான் படித்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்தப் பெயர்கள் எல்லாம் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் அல்ல. பாதிப் பேர் வேலையில், பாதிப் பேர் தூக்கத்தில். இணைப்பை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். நேரம் கிடைக்கும்போது திரும்பி வந்து மேலே ஏற்றி வாசிப்பார்கள். அப்போது கண்ணில் ஹலோ பட்டால் கடந்து போய்விடுவார்கள், முழுக் கேள்வி பட்டால் நிற்பார்கள். அதனால் உதவ முடியுமா என்று கேட்காதீர்கள். நேரே விஷயத்தைப் போடுங்கள்: என்ன மெஷின், எந்த லுபுண்டு பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன நடந்தது. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்று அடித்தால் உள்ளே இருக்கும் கார்டின் பெயர் வரும். அந்த ஒரு வரியைக் கேள்வியோடு சேருங்கள். முழு வெளியீட்டையும் அறையில் கொட்டினால் வெள்ளம் என்று நினைத்து வெளியே தள்ளிவிடுவார்கள். நீளமானதை ஒரு பேஸ்ட் தளத்தில் (எழுத்தை ஒட்டிவைக்கும் இணையத்தளம்) போட்டு இணைப்பை மட்டும் கொடுங்கள்.

அப்புறம் நேரம். நாங்கள் ஐரோப்பா, அமெரிக்காக்காரர்களைவிட நேரத்தில் முன்னால் இருக்கிறோம். நம் பகல் ஒரு மணிக்கு லண்டனில் காலை ஏழரை, எட்டரைதான். அமெரிக்காக்காரர்கள் எழும்ப நமக்கு மாலை ஆகிவிடும். நாலு மணியைவிட ஏழு, எட்டு மணி நல்லது. பத்து நிமிடம் போதாது, ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். அந்தப் பதில்கள் யாருக்கும் சம்பளம் கொடுத்து வருபவை அல்ல. யாரோ ஒருவர் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து உங்களுக்கு எழுதுகிறார்.

ஆனால் ஒரு மணி நேரம் மடுவத்தடியில் இருட்டில் தனியாக நிற்காதீர்கள். வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

பதுளை_கணித_மிஸ்:

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். வாசித்துவிட்டு ஒன்று சொல்லத் தோன்றியது. நம் பிள்ளைகளுக்கு இது தேவையா? எல்லார் வீட்டிலும் ஒரு போனில் வாட்ஸ்அப் இருக்கிறது. ஒரு குழுவைத் தொடங்கி நாங்களே தமிழில் சொல்லிக் கொடுத்தால் முடிந்தது. ஆங்கிலத்தில் முகம் தெரியாதவர்களிடம் கேள் என்று சொன்னால் பாதிப் பிள்ளைகள் அந்த இடத்திலேயே பின்வாங்கிவிடும். நான் கண்ணால் பார்க்கிறேன், விடை தெரிந்த பிள்ளையே ஆங்கிலம் என்றதும் தலையைக் குனிந்துகொள்ளும்.

பண்டாரவளை_பனி:

மிஸ், நீங்கள் சொல்வது உண்மை, நானும் அப்படித் தலை குனிந்தவள்தான். ஆனாலும் இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த அன்றே அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் பிள்ளையின் போன் நம்பர் போய்விடும். நம் வீடுகளில் அந்த நம்பர் பெரும்பாலும் அம்மாவுடையது, இல்லாவிட்டால் வெளிநாட்டில் வேலை செய்யும் அக்கா வாங்கிக் கொடுத்தது. நான் உயர்தரம் படித்த காலத்தில் ஒரு படிப்புக் குழுவிலிருந்து என் நம்பரை எடுத்து ஒருவன் ராத்திரியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அப்பா சிம்மையே உடைத்துப் போட்டார். படிப்பும் ஒரு மாதம் நின்றது. ஐஆர்சியில் பட்டப்பெயர்தான். தொந்தரவு வந்தால் /இக்னோர் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஒரே வழியை நம்பி இருப்பது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது, 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3-ம் திகதி, இப்படிப் பல தடவை நாட்டில் வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் முடக்கப்பட்டதைப் பார்த்துவிட்டோம். வேறொரு வாசல் எங்கே இருக்கிறது என்றாவது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலத்தைப் பற்றி: அங்கே எல்லாரும் ஆங்கிலத்தில் பிறந்தவர்கள் இல்லை. ஜேர்மன்காரர், பிரேசில்காரர், எல்லாரும் உடைந்த ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். எழுத்து என்பதால் அகராதி பார்த்து ஆறுதலாக எழுதலாம், யாரும் நம் உச்சரிப்பைக் கேட்கப் போவதில்லை.

அட்டன்_அண்ணன்:

பனி தங்கச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டப்பெயர் என்றாலும் முழு முகமூடி இல்லை. ஒருவரைப் பற்றி விசாரிக்கும் /ஹூஇஸ் கட்டளையைப் போட்டால் பல நெட்வேர்க்குகளில் நம் இணைய முகவரி மற்றவர்களுக்கும் தெரியும். தெரியாதவர் தனிச் செய்தியில் ஃபைல் அனுப்பினால் வாங்காதீர்கள், அவர் தரும் கட்டளையை அறையில் மற்றவர்களிடம் கேட்காமல் டெர்மினலில் ஒட்டாதீர்கள். பெரிய அறைகளில் நாம் எழுதுவது பதிவாகி வெளியில் எல்லாரும் வாசிக்கும்படி இருக்கும். ஊர், பாடசாலை, வயது எதையும் எழுதத் தேவையில்லை.

கொழுந்துக்கூடை:

பதில் கிடைத்தது! ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெரிய பிழை செய்துவிட்டேன், மற்றவர்கள் செய்யக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நேற்று அம்மாவும் கூட வந்தார். கொழுந்து நிறுக்கும் திண்ணையில் உட்கார்ந்தோம். பட்டப்பெயரை ஏற்கெனவே நிக்சேர்வில் (பெயர்களைப் பதிந்து காக்கும் சேவை) பதிவு செய்திருந்தேன்: /எம்எஸ்ஜி நிக்சேர்வ் ரெஜிஸ்டர் என்று அடித்து, கடவுச்சொல்லும் ஈமெயிலும் கொடுத்தால் ஈமெயிலுக்கு ஒரு வரி வரும், அதை அப்படியே திருப்பி அடித்தால் சரி. நேற்று மறுபடி உள்ளே போனதும் இது நான்தான் என்று காட்டும் ஐடென்டிஃபை கட்டளையை நோட்டிலிருந்து எடுத்து ஒட்டினேன். அதற்கு முன்னால் ஒரு இடைவெளி இருந்ததைக் கவனிக்கவில்லை. / முதல் எழுத்தாக இல்லாததால் அது கட்டளையாகப் போகவில்லை. சாதாரணப் பேச்சாக, என் கடவுச்சொல்லோடு சேர்ந்து, அத்தனை பேருக்கும் முன்னால் போய் விழுந்தது.

கை நடுங்கிவிட்டது. ஆனால் உடனே ஒருவர், பயப்படாதே, இப்போதே மாற்று என்று எழுதி மாற்றும் கட்டளையையும் கொடுத்தார்: நிக்சேர்வுக்கு செட் பாஸ்வேர்ட், அதன் பின்னால் புதிய சொல். ஒரு நிமிடத்தில் மாற்றிவிட்டேன். அந்தக் கடவுச்சொல்லை ஈமெயிலுக்கும் வைத்திருந்தேன், அதையும் மாற்றினேன். இனி இந்த வேலைகளை அறைக்குள் செய்ய மாட்டேன், சேர்வர் ஜன்னலில்தான்.

அப்புறம் கேள்வியை அக்கா சொன்ன மாதிரி போட்டேன். எல்எஸ்பிசிஐயில் பிரோட்கொம் பிசிஎம்43142 என்று வந்திருந்தது. இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஒருவர் அந்த எண்ணைப் பார்த்ததும் பிசிஎம்டபிள்யூஎல் கேர்னல் சோர்ஸ் என்ற டிரைவர் பொதியைப் போடச் சொன்னார். அதை இறக்கிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போய்விட்டது. திரும்பி வந்தபோது என் பெயரை வேறு யாரோ வைத்திருப்பதாகக் காட்டுகிறது. யார் அது?

அட்டன்_அண்ணன்:

அது நீங்கள்தான். சிக்னல் திடீரென்று அறுந்தால் நாம் போய்விட்டது சேர்வருக்கு உடனே தெரியாது. இருக்கிறாயா என்று பிங் அனுப்பிச் சில நிமிடம் பார்த்துவிட்டுத்தான் பழைய இணைப்பை வெட்டும். அதுவரைக்கும் நம் ஆவி அறைக்குள் உட்கார்ந்திருக்கும். நிக்சேர்வுக்கு ரீகெய்ன் என்று அனுப்பினால் பெயர் திரும்பி வந்துவிடும். மலையில் இருக்கும் நமக்கு இந்தக் கட்டளை தினமும் வேண்டும்.

இன்னொன்று, ஐஆர்சியில் நாம் இல்லாத நேரம் பேசியது நமக்கு வராது. அதற்குத்தான் பவுன்சர் என்று ஒன்றை எப்போதும் ஓடும் மெஷினில் வைப்பார்கள், இசட்என்சி பலர் பாவிப்பது. அது நமக்குப் பதிலாக உள்ளே இருந்து எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும். மழைக்குக் கரண்ட் போகும் வீட்டில் வைத்துப் பயன் இல்லை. நான் கண்டியில் தம்பியின் கடையில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்றில் வைத்திருக்கிறேன், இடம் இருக்கிறது. தேவையானால் ஒரு கணக்குத் தருகிறேன். ஆனால் பவுன்சரை நடத்துபவர் நினைத்தால் உங்கள் பேச்சை வாசிக்கலாம். அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

பதுளை_கணித_மிஸ்:

கடவுச்சொல் கதையை வாசித்தபின் நானே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சித்தாளில் இருந்த பந்தியை ஒரு வெறும் அறையில் ஒட்டினேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ வந்தது. பிறகு போனில் தமிழிலேயே அடித்தேன், அது சரியாக வந்தது, ஆனால் பாதியில் வெட்டுப்பட்டு கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம். ஐஆர்சிக்குத் தமிழ் ஒத்துவராதா?

அப்புத்தளை7:

ஒத்துவரும் மிஸ், நான் பல வருடமாகத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் பயிற்சித்தாள் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உடுப்புப் போட்டது. ஐஆர்சியில் எழுத்துரு போகாது, உடுப்பைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் ஆங்கிலம் தெரிகிறது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

வெட்டுப்படுவது வேறு கதை. அண்ணன் சொன்ன 512 பைட் ஞாபகம் இருக்கிறதா? ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. மலையகம் என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ம, ல, ஐகாரக் குறி, ய, க, ம, புள்ளி என்று ஏழு. ஏழு மூன்று இருபத்தொன்று. ஒரு சொல்லுக்கு 21 பைட்! அந்த 512-க்குள் உங்கள் பெயர், முகவரி, அறையின் பெயர் எல்லாம் அடங்க வேண்டும். பேச்சுக்குச் சுமார் 400 மிஞ்சும். அதாவது இடைவெளியோடு மலையகம் மாதிரிச் சொல் பதினெட்டு, நீளமான சொல் என்றால் இன்னும் குறையும். அதற்கு மேல் போனால் சேர்வர் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும், ஓர் எழுத்தின் மூன்று பைட்டுக்கு நடுவில் வெட்டு விழுந்தால் அதுதான் அந்தக் கட்டம்.

ஹெக்ஸ்சாட் மாதிரிச் சிலது நீள வரியைத் தானே உடைத்து அனுப்பும். இல்லாவிட்டால் பத்துச் சொல்லுக்கு ஒரு தடவை என்டர் தட்டிப் பழகுங்கள். எனக்கு அந்த அளவு பிடித்துப்போய்விட்டது. லயத்துக்கு லயம் கத்திப் பேசுகிற மாதிரி, ஒரு மூச்சுக்கு ஒரு வரி.

பதுளை_கணித_மிஸ்:

ஏழு மூன்று இருபத்தொன்று, இதை நாளைக்கே வகுப்பில் எடுக்கப் போகிறேன். தமிழில் மட்டும் பேசும் ஓர் அறையை நாங்களே திறக்க முடியுமா? ஆங்கில அறைக்குப் போகுமுன் பிள்ளைகள் பழகிக்கொள்ள ஓரிடம் வேண்டும்.

அப்புத்தளை7:

முடியும். லிபேராவில் ஒற்றை # ஒரு திட்டமோ அமைப்போ நடத்தும் அறைக்கு. நம்மைப் போன்றவர்களுக்கு ## என்று இரண்டு. இல்லாத ஓர் அறைக்கு /ஜொயின் போட்டாலே அது பிறந்துவிடும், முதலில் போனவருக்கு அதிகாரம் கிடைக்கும், அவர் பெயருக்கு முன்னால் @ தெரியும். அறைகளைப் பதியும் சான்சேர்வில் பதிவு செய்துவிட்டால் எல்லாரும் வெளியேறினாலும் அறை நம்முடையதாகவே இருக்கும்.

கொழுந்துக்கூடை:

வைஃபை வந்துவிட்டது! பொதியைப் போட்டும் முதலில் வரவில்லை, மறுபடி அறையில் கேட்டேன். மெஷின் தொடங்கும்போது காவல் பார்க்கும் செக்யூர் பூட் தடுக்கிறது, பயோஸில் (தொடக்க செட்டிங்) அதை நிறுத்து என்றார்கள். நிறுத்தியதும் பக்கத்து வீட்டு ரவுட்டர் பெயர் கூடத் தெரிந்தது. கார்ட் சாகவே இல்லை. அம்மா லேப்டொப்பைத் தொட்டுக் கும்பிட்டார்.

இதில் எதிர்பாராத ஒன்று. எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் இருக்கிறது, அதில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கோடு வருகிறது. வயரில் இருந்தவரை அதனால் பயன் இல்லை. இப்போது போனைப் பொலித்தீன் உறையில் போட்டுக் கிளையில் கட்டி ஹொட்ஸ்பொட் போடுகிறேன், இஸ்தோப்பில் உட்கார்ந்தால் லேப்டொப்புக்கு நெட் வருகிறது. ராத்திரியில் மடுவத்துக்குப் போக வேண்டியதில்லை.

நேற்றே ## மலையகம் என்று ஆங்கில எழுத்தில் ஓர் அறை திறந்து பதிவும் செய்துவிட்டேன். அட்டன் அண்ணனுக்கும் பனி அக்காவுக்கும் @ கொடுக்கிறேன், வந்ததும் சொல்லுங்கள். மிஸ், ஞாயிறு இரவு ஏழு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறீர்களா? மழை பெய்தால் போனை இறக்கிவிடுவேன், அப்படியென்றால் எட்டு மணி.